பலூன் நின்ற உயரம்

சாத்தூர் ரோட்டில் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸை இடித்து நிரவிவிட்டு, அந்த இடத்தில் பெரிய தகரப் பலகை ஒன்றை நிறுத்தினார்கள். பலகை முழுக்கப் படம். வானத்தின் நீலத்தையே அரைத்துப் பூசியது போலக் கண்ணாடிச் சுவர், மாடிக்கு மாடி செடித்தொட்டி, உச்சியில் குளிக்கிற குளம். இருபத்திரண்டு மாடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வட்டாரத்தில் நாலு மாடி லாட்ஜுதான் அதுவரை பெரிய கட்டடம்.

யோகலட்சுமியின் வேன் தினமும் அந்த வழியாகத்தான் போகும். பட்டாசு செய்கிற பயராபீஸ் வேனில் காலையில் ஏறுகிற பெண்களுக்கெல்லாம் ஒரு தூக்கம் பாக்கி இருக்கும். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொள்வார்கள். யோகலட்சுமி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படத்தில் மாடிகளை எண்ணுவாள். எட்டோ ஒன்பதோ வரும்போது வேன் திரும்பிவிடும்.

"அதான் இருவத்திரெண்டுன்னு எளுதியிருக்கானே மதினி, பெறகு என்ன எண்ணிக்கிட்டு?" என்பாள் பக்கத்தில் இருக்கிற வேல்விழி.

"எளுதியிருக்கான், சரி. இருவத்திரெண்டு மாடின்னா எம்புட்டு ஒசரம்?"

"எனக்கென்ன தெரியும்? நெறைய ஒசரம்."

இந்தப் பதிலால் யோகலட்சுமிக்கு வயிறு நிறையவில்லை. அவள் சுபாவம் அப்படி. கல்யாணமாகி வந்த புதிதில், வாணம் விரியும்போது பச்சை எப்படி வருகிறது என்று போர்மேனிடம் கேட்டுக்கேட்டு அவரை வேலை செய்யவிடாமல் ஆக்கியவள். அந்தப் போர்மேன்தான் பிறகு அவள் புருஷனுக்குக் குருவாகி, அவர் ஓய்ந்ததும் புருஷன் தனுஷ்கோடியே போர்மேன் ஆனான். இப்போது அவனிடமும் கேட்டாள். "மானத்த முட்டும், போதுமா?" என்றான் அவன்.

டீக்கடைக்காரர், கரண்டுக் கம்பத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு நட்டால் வரும் என்றார். மினிபஸ் கண்டக்டர், வில்லிபுத்தூர்க் கோபுரத்தைவிட ஒரு முழமாவது கூட இருக்கும் என்றார். அந்த ஒரு முழம் ஊரையே இரண்டாகப் பிளந்தது. கோபுரத்துக்கு மேலே மனுசன் குடியிருந்து கால் கழுவுவதா என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அச்சாபீஸ்காரர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். "ஒலகத்துல உள்ள கட்டடத்த எல்லாம் காலண்டருல போட்டு அச்சடிக்கது நம்ம ஊரு. நம்ம கட்டடம்னு போட ஒரு படம் உண்டா?" என்று கேட்டார் ஒருவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

யோகலட்சுமி வேலை பார்த்த பயராபீஸ், அந்தப் பலகைக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்தது. சின்ன ஆபீஸ். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வாண ரகம் மட்டும்தான் செய்வார்கள். வேப்ப மரங்களுக்கு நடுவே தள்ளித்தள்ளி ஒற்றை அறைகள், அறைக்கு நாலு பக்கமும் வாசல், வெட்டவெளியில் வெடிமருந்து உருண்டைகளைக் காயப்போடும் சிமெண்டு மேடை. உள்ளே செருப்புக் கிடையாது, போன் கிடையாது.

ஒருநாள் மதியச் சோற்றுக்கு எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி செந்தூர்பாண்டி வந்து நின்றார்.

"ஆத்தாமாரே, ஒரு சங்கதி. கட்டடத்தப் பத்தி ஊர்க்காரங்க கருத்தச் சொல்லலாம்னு கவர்மெண்டுல கூட்டம் போடுறாக. நீங்க எல்லாரும் வரணும்."

"நாங்க வந்து என்ன மொதலாளி சொல்ல?" என்றாள் வேல்விழி.

"ஜனங்க குடியிருக்க எடத்துக்கும் மருந்து ரூமுக்கும் இம்புட்டுத் தூரம் இருக்கணும்னு சட்டம் இருக்கு. அங்கன நூத்துக்கணக்குல குடும்பம் வந்துட்டா, நாளைக்கே டேப்பத் தூக்கிட்டு வந்து அளப்பான். முன்னாடி வந்தது நாமதான். ஆனா எந்திரிச்சுப் போன்னு நம்மளத்தான் சொல்லுவான். லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு மட்டுமா நட்டம்? யோகம், நீதான் எல்லாருக்கும் சேத்துப் பேசணும். ஒனக்குத்தான் வாய் உண்டு."

பெண்கள் சிரித்தார்கள். யோகலட்சுமி சிரிக்கவில்லை. அவள் மகள் இசைவாணி சிவில் டிப்ளமா முடித்து இரண்டு வருஷம் அச்சாபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். போன வாரம்தான் அந்தக் கட்டடக் கம்பெனியில் சைட் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

வீட்டில் அன்றிலிருந்தே தகப்பனும் மகளும் பேசிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள் யோகலட்சுமி. தனுஷ்கோடி தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போய்விட்டான். மகள் அடுப்படியில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு குழம்பு ஊற்றுவது யோகலட்சுமியின் வேலையாயிற்று.

"ஒம்மகட்டச் சொல்லு," வாசலில் இருந்தே பேசினான் தனுஷ்கோடி. "நம்ம பொளப்புல மண்ணப் போட்டுத்தான் அவுக கம்பெனிக்காரன் அஸ்திவாரம் போடப்போறான்."

"அப்பாட்டச் சொல்லும்மா. இவுகளுக்கு அது பொளப்பு. எனக்கு அது எப்ப வெடிக்கும்னு தெரியாத எடம். சின்னத்தாய் அத்தைய எதுல கட்டித் தூக்கிட்டு வந்தாகன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

சின்னத்தாய் தனுஷ்கோடியின் தங்கை. அந்த ஆபீஸிலேயே தீயில் போனவள். அவள் பேரை எடுத்ததும் வாசலில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

யோகலட்சுமி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனசுக்குள் ஆயிரம் கிடந்தாலும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஏத்தா, நீயாவது சொல்லு. அது எம்புட்டு ஒசரம்?"

"எழுவது மீட்டரும்மா."

"மீட்டரச் சொன்னா எனக்கு என்ன வெளங்குது? கண்ணுல காட்ட முடியுமா?"

இசைவாணிக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு குழம்புச் சோற்றைப் பிசைந்த கை நின்றது. "காட்டலாமே," என்றாள்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் பிரபாகரனிடம் போய்ச் சொன்னாள். கோயமுத்தூர்க்காரர். ஊர் என்ன பேசுகிறது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மதுரையில் இருந்து விளம்பர பலூன்காரரை வரவழைத்து, சிவப்பு பலூன் ஒன்றை, கட்டடத்தின் உச்சி வரவேண்டிய உயரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றிவிட்டார். கூட்டம் நடக்கிற நாள் வரை அது அங்கேயே நிற்கும், ஊரார் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள்.

ஊரே கழுத்தை ஒடித்துப் பார்த்தது. பைபாஸ் ஓரம் காரச்சேவுக் கடையும் வெள்ளரிப்பிஞ்சுத் தள்ளுவண்டியும் முளைத்தன. ஒரே பலூனைப் பார்த்து ஒருவர், "இம்புட்டுத்தானா! இதுக்கா இந்த ஆட்டம்?" என்றார். அவர் பக்கத்திலேயே நின்ற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி, "ஆத்தாடி! அங்கன ஒருத்தன் படுத்து ஒறங்குவானா?" என்று நெஞ்சில் கை வைத்தார். வேண்டும் என்றவர்கள் பலூனைப் பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் இன்னும் உறுதியாக வேண்டாம் என்றார்கள். கருத்து மாறியவர் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

யோகலட்சுமிக்கு வேண்டும், வேண்டாம் இரண்டும் மறந்துபோயிற்று. அவள் போகிற இடத்தில் எல்லாம் அதைத் தேடினாள். ஆபீஸ் மேடையில் நின்றால் அது பூசணிக்காய் அளவு. தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் இருந்து பார்த்தால் எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக் கோயிலுக்குப் போன இடத்தில், ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, மேற்கே நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. சாமியே கண்ணைத் திறக்காத மாதிரி ஒரு ஏமாற்றம் வந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் மகளிடம் கேட்டாள்: "நம்ம பாக்கோம், சரி. அங்கன மேல நின்னு ஒருத்தி கீள பாத்தா, எங்க ஆபீஸ் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நீ எந்த ரூமுல இருந்து வெளிய வாரன்னுகூடத் தெரியும்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"அதெப்படித் தெரியும்? புள்ளி மாதிரி இருப்ப."

"பாவம், நான் என்ன செய்யேன்னு அவளுக்கு வெளங்காதுல்ல," என்றாள் யோகலட்சுமி. அவளுக்கு அந்த மேல்மாடிப் பெண்ணை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.

மேற்கே இருந்து அடிக்கிற ஆனி மாசத்து மேகாற்று அந்த வாரம் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டது. கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், உச்சி வெயிலில், மேடை நிறைய மருந்து உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெண்கள் நிழலில் குழல்களுக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுழிக்காற்று தூசியைச் சுருட்டிக்கொண்டு போனது. என்னமோ வெளிச்சம் குறைந்த மாதிரி இருக்கவும் யோகலட்சுமி நிமிர்ந்தாள்.

பலூன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கயிறு அறுந்து, ஒரு பக்கம் சூம்பி, குடித்துவிட்டு வருகிறவன் மாதிரித் தள்ளாடி, நேரே மேடையைப் பார்த்து இறங்கியது.

"கேஸுலே! கேஸு!" தனுஷ்கோடியின் குரல் கிழிந்தது. "போட்டது போட்டபடி ஓடுங்க! ஏலே, கதவ விட்டு வெலகு, ஓடு!"

அவர்களுக்கு ஓடத் தெரியும். அந்த ஆபீஸில் முதல்நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். யாரும் கத்தவில்லை, யாரும் எதையும் எடுக்கவில்லை. வெறுங்காலோடு சுடுமண்ணில் பாய்ந்து, மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குப்புற விழுந்தார்கள். வேல்விழி காதைப் பொத்திக்கொண்டாள். யோகலட்சுமி தரையில் முகத்தை வைத்தபடி காத்துக்கிடந்தாள். சின்னத்தாய் போன அன்றைக்கும் இப்படித்தான், இதே மண்மேட்டில் கிடந்தாள். அன்றைக்குப் பத்து எண்ணி முடிக்குமுன் பூமி தூக்கிப் போட்டது.

இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. காகம் ஒன்று கத்தியது.

அவள் தலையைத் தூக்கினாள். மேடைமேல் பலூன், வயிற்றை இழுத்து மூச்சு விடுகிற கிழட்டு எருமை மாதிரி படுத்துக்கிடந்தது. அறுந்த கயிறு உருண்டைகளை இழுத்துச் சிதறடித்திருந்தது. அவள் எழுந்து நடந்தாள்.

"ஏய் யோகம்! கிட்ட போகாத! புத்தி கெட்டவளே, நில்லு!" என்று தனுஷ்கோடி அலறினான்.

அவள் போய்க் கையை வைத்தாள். வெயிலில் கிடந்த தோல் போல வெதுவெதுவென்று இருந்தது. மேலே நின்றபோது பூசணிக்காய் அளவு இருந்தது, பக்கத்தில் அவள் வீட்டு அடுப்படியைவிடப் பெரிது. "இம்புட்டுப் பெரிசையா அம்புட்டுச் சின்னதா காட்டுச்சு அந்த ஒசரம்?" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அந்த உயரம் விளங்கியது.

கேட்டுக்கு வெளியே யாரோ கம்பியைப் பிடித்து உலுக்குகிற சத்தம். இசைவாணி. மஞ்சள் தொப்பி தலையில் கோணிக்கிடக்க, சைட்டில் இருந்து ஓடியே வந்திருந்தாள். வாட்ச்மேன் சங்கிலிமுத்து வழிமறித்து நின்றார்.

"அது ஹீலியம்! தீப்பிடிக்காது! அப்பா! அம்மா! தீப்பிடிக்காதுப்பா!" என்று ஒரே சொல்லைத் திரும்பத்திரும்பக் கத்தினாள். மூச்சு அடைத்து, கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

தனுஷ்கோடி உள்ளே இருந்து பார்த்தான். குடத்தில் தண்ணீர் மொண்டு சங்கிலிமுத்துவிடம் கொடுத்து, கண்ணால் கேட்டைக் காட்டினான்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரியம்மாள், பக்கத்தில் பிரபாகரன். பலூன் விழுந்த கதை ஊர் முழுக்கப் பரவியிருந்ததால் நிற்க இடமில்லை. கோபுரக்காரர் பேசினார், அச்சாபீஸ்காரர் பேசினார். "எங்க தெருவுக்கே நாலு நாளைக்கி ஒருக்காத் தண்ணி வருது. மேல கொளத்துல நீச்சலடிக்கத் தண்ணி எந்த ஊருலேர்ந்து வரும் சார்?" என்று ஒரு பெண் கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

யோகலட்சுமியின் முறை வந்தது. செந்தூர்பாண்டி முன்வரிசையில் இருந்து தலையை ஆட்டினார். கம்பெனி ஆட்கள் வரிசையில் இசைவாணி குனிந்திருந்தாள். மைக்கைப் பிடித்ததும், சொல்லிக்கொடுத்ததில் பாதிதான் யோகலட்சுமிக்கு ஞாபகம் வந்தது.

"கட்டடம் வந்தா எங்க ஆபீஸப் பூட்டிருவாக. எங்களுக்கு வேற வேல தெரியாது. அதச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள். அத்தோடு மைக்கைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். இங்க எல்லார்ட்டயும் கருத்துக் கேக்கீக. மேல குடிவரப் போறவுகள்ட்டக் கேட்டீகளா?"

அதிகாரியம்மாள் பிரபாகரனைப் பார்த்தார். "இன்னும் யாரும் வாங்கலீங்களேம்மா," என்றார் அவர்.

"வாங்க வாரப்பச் சொல்லுவீகளா சார்? கீள மருந்து இருக்குன்னு? முந்தாநாள் ஒரு பலூன் விளுந்துச்சு. ஒண்ணும் ஆகல. தீவாளிக்கு ஒரு புள்ள மேல இருந்து கம்பி மத்தாப்பக் கை தவறவிட்டா? இல்ல, எங்ககிட்ட வெடிச்சா அம்புட்டுக் கண்ணாடியும் எங்க போகும்? எங்க ஆபீஸ்ல ரெண்டு தடவ தீப்பிடிச்சிருக்கு. எங்க நாத்தனா அதுலதான் செத்தா. நாங்க தெரிஞ்சு வேல பாக்கோம். அவுக தெரியாம வந்து பால் காச்சிக் குடியேறணுமா? எனக்கு வேண்டாம்னும் சொல்லத் தெரியல, வேணும்னும் சொல்லத் தெரியல. அந்தப் பொம்பளைட்ட யாராவது சொல்லுவாகளான்னு தெரியணும்."

எந்தப் பொம்பளை என்று யாரும் கேட்கவில்லை. பிரபாகரன், "நாங்க அப்படி யோசிக்கலம்மா. யோசிக்கணும்," என்றார். செந்தூர்பாண்டி எழுந்து வெளியே போய்விட்டார்.

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் வருத்தம்தான் அதிகம். "எம் பக்கம் பேசச் சொன்னேன் யோகம். நம்ம ஆபீஸ் வெடிக்கும்னு நீயே மைக்குல சொல்லிட்டியே. கொஞ்ச நாளைக்கி நீ வர வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கம்பெனி வேலை இனி இருக்குமோ என்னமோ. ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"என்னது?"

"எப்ப வேணாலும் வெடிக்கும்னு. நான் சொல்றப்பல்லாம் அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சிரிப்பியே. தெரிஞ்சுக்கிட்டேவா தெனம் வேனு ஏறுன?"

"தெரியாம யாருத்தா போறா?" யோகலட்சுமி அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். "ஒனக்கும் தெரிய வேண்டாம்னுதான் சிரிச்சேன்."

இசைவாணி தாயின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். களைந்த தண்ணீர் கொட்டப்படாமல் சட்டியிலேயே இருந்தது.

பிறகு நடந்ததை ஊர் பலவிதமாகச் சொல்லும். நடந்தது இவ்வளவுதான். அதிகாரிகள் வந்து அளந்தார்கள். மருந்து கலக்குகிற அறைகளை ஊரைவிட்டுத் தள்ளி, இருக்கன்குடிப் பக்கம் தரிசில் கட்டிக்கொள்ளச் சொல்லி, இங்கே குழல் சுற்றவும் பெட்டி போடவும் மட்டும் அனுமதித்தார்கள். செந்தூர்பாண்டி ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தார். சீசன் நெருங்கி ஆர்டர் குவிந்ததும் சங்கிலிமுத்துவை அனுப்பி யோகலட்சுமியைக் கூப்பிட்டுக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் கட்டடத்தைக் கைவிடவும் இல்லை, தொடங்கவும் இல்லை. வரைபடம் திரும்பவும் அனுமதிக்குப் போகிறது என்றார்கள். தகரப் பலகை மட்டும் நின்றது. இசைவாணியை விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரி கட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். காலையில் ரயிலில் போய்விட்டுச் சாயங்காலம் வருவாள்.

ஒரு சாயங்காலம் அவள் வாங்கி வந்த புரோட்டாவை மூன்று தட்டில் வைத்தாள் யோகலட்சுமி. வழக்கம்போலத் தனுஷ்கோடி தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பாதி தின்றிருப்பான். தெருவைப் பார்த்தபடியே பேசினான். யாரைக் கேட்கிறான் என்று முதலில் இருவருக்கும் விளங்கவில்லை.

"அந்த இருவத்திரெண்டு மாடி... எல்லாவனும் ஒசரத்தையே கேட்டான். பூமிக்குள்ள எம்புட்டு ஆளம் தோண்டுவீக தாயி?"

இசைவாணி தட்டோடு எழுந்தாள்.

"கரிசல்ல நிக்காதுப்பா. மளைக்கி உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். பாற தட்டுற வரைக்கும் போகணும். எட்டாளு பத்தாளு ஆளம். அதுக்குள்ள கம்பி கட்டி எறக்கி, தூணு தூணா ஊத்தணும்."

"அது யாரு கண்ணுக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது. மூடிருவோம்."

தனுஷ்கோடி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பிறகு படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "மூடுனப்பெறகு உள்ள தூணு நேரா நிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீக? ஒக்காந்து சொல்லு," என்றான்.